பத்தாம் கட்டம்

தண்ணீர் இலாகாவின் புகார்ப் பிரிவில் இரண்டு ஜன்னல்கள். இரண்டுக்கும் ஒரே கம்பி, ஒரே அளவு ஓட்டை, ஒரே பச்சைப் பெயின்ட். ஆனால் ஒன்றாம் ஜன்னலின் வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் நிறுத்தம் வரைக்கும் போகும். இரண்டாம் ஜன்னலில் இருக்கிறவர் போணியாகாத கடைக்காரர் மாதிரி, "இங்கேயும் வரலாம், இங்கேயும் இதே இலாகாதான்" என்று கூவிக்கொண்டிருப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். நகர மாட்டார்கள்.

இந்தக் காட்சியை உள் அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை பார்த்து வயிறு எரிகிறவர் ஒருவர் உண்டு. ஆபீசில் அவருக்குப் பெயர் ரேங்க் சார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்வீஸ் பரீட்சையில் நாலாவதாகத் தேறியவர். முதல் மூன்று பேரும் மேலே மேலே போய்விட்டார்கள். நாலாவது மட்டும் தண்ணீர் இலாகாவில் தேங்கிப் போனது. அந்த நாலைப் பற்றி அவர் யாரிடமும் வலியப் போய்ச் சொன்னதில்லை. பேச்சு எங்கே போனாலும் கடைசியில் அங்கே வந்து நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். மழை வரும்போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட, "நான் பரீட்சை எழுதின அன்னிக்கும் இப்படித்தான் மூட்டம் போட்டிருந்துச்சு" என்பார்.

ஒன்றாம் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவன் அவருடைய சகலை. அவர் மனைவியின் தங்கை புருஷன்.

அவன் பரீட்சை எழுதி வந்தவன் இல்லை. அவன் அப்பா இதே இலாகாவில் வால்வு திறக்கிற வேலையில் இருந்தவர். ஒரு குழிக்குள் இறங்கியவர் ஏறி வரவில்லை. வேலையில் இருக்கும்போது போனவருடைய பிள்ளைக்கு வேலை என்ற விதியில் இவன் வந்தான். அப்பாவின் பணியாளர் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அதையே இவனுக்கும் கொடுத்து, பக்கத்தில் ஒரு கோடு கிழித்து 'வா' என்று போட்டார்கள். வாரிசு என்று அர்த்தம். வருகைப் பதிவேட்டிலிருந்து விடுப்பு விண்ணப்பம் வரைக்கும் எங்கே போனாலும் அந்த 'வா' கூடவே போகும், காலில் ஒட்டிய சுவிங்கம் மாதிரி.

ஆபீசில் பரீட்சைக்காரர்கள் உள்ளே, வாரிசுக்காரர்கள் ஜன்னலில். இதற்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் பக்கம் கிடையாது. உள்ளே மின்விசிறி ஓடும், கோப்பு இருக்கும், மேலே போகிற ஏணி இருக்கும். ஜன்னலில் சனங்கள் இருப்பார்கள். "அவங்களுக்குத்தான் சனங்ககிட்ட பேசத் தெரியும்" என்று பரீட்சைக்காரர்கள் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொள்வார்கள். வாரிசுக்காரர்களும் அதை நம்பிவிட்டார்கள். யாராவது புதிதாக அறிமுகம் செய்துகொண்டால் சகலையே முந்திக்கொண்டு, "நான் வாரிசு கோட்டா சார்" என்று சொல்லிவிடுவான். அடுத்தவன் குத்துவதற்கு முன் நாமே குத்திக்கொண்டால் வலி குறைவு.

அவனை மச்சினிக்கு மாப்பிள்ளையாகப் பார்த்துக் கொடுத்ததே ரேங்க் சார்தான். "நல்ல பையன், நிலையான வேலை" என்று மாமியாரிடம் சிபாரிசு செய்தார். உள்ளே ஒரு கணக்கு இருந்தது. ஆபீசில் தனக்குக் கீழே இருக்கிறவன் வீட்டிலும் கீழேயே இருப்பான். சகலை என்று ஒருவன் வரத்தான் போகிறான். வருகிறவன் நம்மைவிட ஒரு முழம் குட்டையாக இருக்கட்டுமே என்ற நல்லெண்ணம்.

அளவெடுத்த முழம்தான் தப்பு. கல்யாணமாகி ஆறு மாதத்தில் மாமியார் வீட்டில் குழாய் ஒழுகினால், கதவு இறுகினால், மாமனாருக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டுமென்றால், "சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்றாகிவிட்டது. ரேங்க் சார் போனால் மாமியார் எழுந்து நிற்பார், நாற்காலியைத் துடைத்துப் போடுவார், "வாங்க மாப்பிள்ளை" என்பார். சின்னவன் போனால் உட்கார்ந்தபடியே, "வந்துட்டியாப்பா, அந்த டப்பாவை மேலேர்ந்து எடு" என்பார். மரியாதை முழுவதும் பெரியவருக்கு. வீடு முழுவதும் சின்னவனுக்கு. இந்த பேரத்தில் யாருக்கு நஷ்டம் என்று கண்டுபிடிக்க நாலாம் ரேங்க் தேவையில்லை.

இந்த நிலையில்தான் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றார். அவருடைய நாற்காலி காலியானது.

நாற்காலி என்றால் நிஜமாகவே நாற்காலி. அந்தப் பிரிவில் சுழல்கிற நாற்காலி அது ஒன்றுதான். தற்காலிகமாக ரேங்க் சாரைப் 'பொறுப்பு' என்று போட்டார்கள். பொறுப்பு என்றால் வேலை முழுசு, நாற்காலி கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த நாற்காலிக்காகத்தான் அவர் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தார். அது எப்போதும் பரீட்சைக்காரர்களுக்குத்தான் போகும், அதிலும் மூத்தவருக்குத்தான் போகும். மூத்தவர் இவர். ஆக, அது வெறும் காகிதச் சடங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

புதிதாக மாற்றலாகி வந்த ஆபீசர் அம்மா அந்த நினைப்பில் தண்ணீர் ஊற்றினார். வந்த மூன்றாவது வாரம் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துப் பேசினார்.

"இந்தத் தடவை வாரிசு, பரீட்சைன்னு பேதம் பார்க்கப் போறதில்லை. யார் வேலை செய்யறாங்களோ அவங்களுக்குத்தான் சீட். எல்லாரோட ஆண்டு அறிக்கையும் வரட்டும், படிச்சிட்டு முடிவு பண்றேன்."

அறை முழுக்க ஒரே பக்கம் திரும்பியது. சகலை குனிந்து சட்டைப் பொத்தானைப் பார்த்தான். டைப்பிஸ்ட் அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது ரேங்க் சார் காதில் தெளிவாக விழுந்தது, விழவேண்டும் என்றே சொன்ன மாதிரி.

"நாலாம் ரேங்க் இப்ப ரெண்டாம் ரேங்க் ஆயிடும் போலிருக்கே."

அன்று மத்தியானம் அவர் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தார். சகலை டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆபீசில் 'சார்', வீட்டில் 'அண்ணா' என்பது அவன் வழக்கம். சாப்பாட்டு வேளையில் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவான்.

"சார்... அந்தம்மா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க. நமக்கெல்லாம் யார் தர்றா."

"எனக்கென்னப்பா மனசுல? வந்தா சந்தோஷம். நம்ம வீட்டுக்குத்தானே வருது."

சொல்லிவிட்டு அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அதுவும் சொந்த இலாகாத் தண்ணீர்தான்.

ஆண்டு அறிக்கை என்பது ஒரு படிவம். பத்துக் கட்டங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் அவருக்கு நேர் மூத்தவர் எழுதவேண்டும். கண்காணிப்பாளர் இல்லாததால் ஆறு பேருடையதையும் பொறுப்பில் இருந்த ரேங்க் சாரே எழுதவேண்டி வந்தது, சகலையுடையதையும் சேர்த்து. பந்தயத்தில் ஓடுகிறவனையே நடுவராகவும் நிற்கவைத்தால் எப்படி என்று ஆபீசர் அம்மா தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். 'நேர் மூத்தவர்' என்றுதான் விதி, அவர் ஓடுகிறாரா நடக்கிறாரா என்று விதி பார்ப்பதில்லை என்கிற பொருளில் பதில் வந்தது. உறவினரைப் பற்றி எழுதக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. அதில் அப்பா, பிள்ளை, அண்ணன், தம்பி, மாமனார், மச்சினன் எல்லோரும் வரிசையாக இருந்தார்கள். சகலை இல்லை. சட்டம் எழுதினவருக்குச் சகலை வாய்க்கவில்லை போலும்.

அறிக்கை எழுதுவதற்கு அந்த ஆபீசில் ஒரு முறை இருந்தது. முதல் ஒன்பது கட்டத்திலும் 'திருப்தி' என்று போடவேண்டும். போன வருஷத்தைப் பார்த்து இந்த வருஷம், இந்த வருஷத்தைப் பார்த்து அடுத்த வருஷம். வேலை செய்கிறவனுக்கும் திருப்தி, தூங்குகிறவனுக்கும் திருப்தி.

பத்தாம் கட்டம்தான் சூட்சுமம். 'தற்போதைய இருக்கையிலிருந்து விடுவிக்கத் தக்கவரா?' என்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு 'ஆம்' போடவேண்டும். 'இல்லை' என்று போட்டால் அந்த ஆளை அங்கிருந்து அசைக்க முடியாது. மாற்றலும் இல்லை, உயர்வும் இல்லை. முன்பு ஒரு பம்பு ஆபரேட்டரைப் பற்றி அவர் மேலாளர் பாசத்தில், 'இல்லை, இவர் இல்லாவிட்டால் பம்பு ஓடாது' என்று எழுதிவிட்டாராம். அந்த மனிதர் பத்தொன்பது வருஷம் அதே பம்போடு குடித்தனம் நடத்தினார். மனைவிகூட அவரை விட்டுப் போய்விட்டாள், பம்பு போகவில்லை என்று பியூன் பெரியவர் சொல்வார். அதிலிருந்து, எதிரிக்குக்கூட பத்தாம் கட்டத்தில் 'இல்லை' போடக்கூடாது என்பது ஆபீஸ் தர்மம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், ரேங்க் சார் படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டார். ஐந்து பேருக்கும் ஐந்து நிமிஷத்தில் 'திருப்தி' போட்டு முடித்தார். ஆறாவதை எடுத்தபோது கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஒன்றாம் ஜன்னலின் வரிசை அன்றைக்கு சைக்கிள் நிறுத்தத்தையும் தாண்டியிருந்தது.

மட்டமாக எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்பது அவருக்குத் தெரியும். 'திருப்தி' என்று எழுதினாலும் வயிற்றெரிச்சல் என்று டைப்பிஸ்ட் அக்கா ஊரெல்லாம் டைப் அடித்துவிடுவாள். கடைவீதியில் வளர்ந்த எவனுக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. தன் சரக்கைப் புகழ்கிறவன் விற்கப் பார்க்கிறான். அடுத்தவன் சரக்கைப் புகழ்கிறவன் எதையோ மறைக்கப் பார்க்கிறான். ரேங்க் சார் புகழ முடிவு செய்தார். வானளாவப் புகழ்ந்து, அந்தப் புகழாலேயே பத்தாம் கட்டத்தில் ஒரு பூட்டுப் போட்டுவிடுவது. இவ்வளவு கெட்டிக்காரனை ஜன்னலிலிருந்து எப்படி எடுப்பது? மனசாட்சி இடம் தருமா?

பேனாவைத் திறந்தார். இங்கேதான் அவர் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. எழுத்து நிற்கவே இல்லை.

பதினாலு வருஷமாக அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தவர். பிரியமாகப் பார்க்கிறவன் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பான். பொறாமைக்காரன் கண்சிமிட்ட மாட்டான். அவர் எழுதினார்:

'இவர் வருகிறவரிடம் என்ன புகார் என்று முதலில் கேட்பதில்லை. எந்தத் தெரு என்று கேட்கிறார். தெருவின் பெயரைச் சொன்னதுமே வந்தவரின் கோபம் பாதி இறங்கிவிடுகிறது. நூற்று நாற்பது வால்வுகளில் எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பது இவருக்கு மனப்பாடம்; வரைபடத்தைப் பார்ப்பதில்லை.

கத்துகிறவர் வந்தால் எழுந்து நிற்கிறார். தனக்காக எழுந்து நிற்கிறவரைப் பார்த்து யாராலும் ரொம்ப நேரம் கத்த முடிவதில்லை.

தப்பாக நிரப்பிக் கொண்டுவந்த படிவத்தைத் திருப்பித் தருவதில்லை. இந்தப் படிவமே சரியில்லை என்று சொல்லித் தானே கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுக்கிறார். எழுதத் தெரியாதவர் என்று தெரிந்தால், கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டீர்களா என்று கேட்டுத் தானே எழுதிக் கொடுக்கிறார். இதுவரை ஒருவரும் தனக்கு எழுதத் தெரியாது என்று இந்த ஜன்னலில் சொல்ல நேர்ந்ததில்லை.

நாளைக்கு வரும் என்று பொய் சொல்வதில்லை. வியாழக்கிழமை வரும் என்கிறார். வியாழக்கிழமை வருகிறது.'

நாலு பக்கம் போயிற்று. படிவத்தில் இடம் போதாமல் தாள் இணைத்தார். மணி ஐந்தடித்ததுகூடத் தெரியவில்லை. கடைசியில் பத்தாம் கட்டத்துக்கு வந்தபோது கை வலித்தது. 'இல்லை' என்று போட்டார். 'இவரை விடுவித்தால் ஜன்னல் இருக்கும், இலாகா இருக்காது' என்று ஒரு வரியும் சேர்த்தார். திரும்பப் படித்துப் பார்த்தபோது காது சூடானது. எதிரியைக் கட்டிப்போடக் கயிறு திரித்தவனுக்குக் கயிற்றின் அழகில் கண் நின்றது மாதிரி ஆயிற்று. இருந்தாலும் உறையில் போட்டு ஒட்டினார்.

திங்கட்கிழமை ஆபீசர் அம்மா கூப்பிட்டார். மேஜையில் அந்த நாலு பக்கமும் விரித்திருந்தது.

"உட்காருங்க. பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஆயிரம் அறிக்கை படிச்சிருப்பேன். எல்லாம் திருப்தி, திருப்தி, திருப்தி. முதல் தடவையா ஒரு மனுஷனைப் படிக்கிறேன்."

"உள்ளதைத்தான் எழுதினேன் மேடம்."

"அதுதான் தெரியுதே. கூட உட்கார்ந்து பார்த்தாத்தான் இவ்வளவு எழுத முடியும்." கடைசித் தாளைத் திருப்பினார். "பத்தாம் கட்டத்துல 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. யோசிச்சுத்தான் போட்டீங்களா?"

"மனசாட்சிப்படி மேடம். இலாகா நலன்னு ஒண்ணு இருக்கில்ல?"

ஆபீசர் அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தராசில் வைத்த பண்டத்தைப் பார்க்கிற பார்வை.

"இவரைத்தான் போடலாம்னு நினைச்சிருந்தேன். விதி என் கையைக் கட்டிடுச்சு. சரி, சீட் உங்களுக்குத்தான். வாழ்த்துகள்."

வெளியே வந்தபோது ரேங்க் சாருக்கு நடையில் ஒரு அரை அங்குலம் கூடியிருந்தது. இரண்டு நாளில் உத்தரவு வந்தது. ஒரே வரி: 'பணிமூப்பின் அடிப்படையில் கண்காணிப்பாளராக நியமிக்கப்படுகிறார்.' அவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். கிறீச்சென்றது. யாரும் பார்க்காததால் இன்னொரு சுற்றும் சுற்றினார்.

ஆபீசர் அம்மா சும்மா இருக்கவில்லை. அவரவர் அறிக்கையை அவரவருக்குக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று புதிதாக ஒரு சுற்றறிக்கை போட்டார். ரகசியம் என்று நம்பி எழுதிய நாலு பக்கத்தின் நகல் சகலையின் கைக்குப் போயிற்று. அதோடு நிற்கவில்லை. ஜன்னலில் உட்காருகிறவர்கள் எப்படி வேலை செய்யவேண்டும் என்பதற்கு மாதிரியாக அதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து அது எல்லாக் கிளைக்கும் போனது. இனிமேல் புதிதாக வரும் பரீட்சைக்காரர்கள் முதல் மூன்று மாதம் ஒன்றாம் ஜன்னலில், 212-இன் பக்கத்தில் உட்கார்ந்து பழகவேண்டும் என்று உத்தரவு. 212/வா என்று இல்லை. வெறும் 212. சொல்லிக்கொடுக்கிறவனின் எண்ணில் அந்த எழுத்து நன்றாக இல்லை என்று யாரோ மேலே நினைத்திருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் எல்லா வாரிசுக்காரர்களின் எண்ணுக்குப் பக்கத்திலும் இருந்த கோடும் எழுத்தும் அடித்து நீக்கப்பட்டன. அடித்து முடித்துக் கீழே கையெழுத்துப் போடவேண்டியவர் புதுக் கண்காணிப்பாளர். போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு. பெரிய மாப்பிள்ளையின் பதவி உயர்வுக்காக என்றுதான் கூப்பிட்டார்கள். ரேங்க் சார் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மாமியார் எழுந்து நின்றார், நாற்காலியைத் துடைத்தார், "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை" என்றார். அது அரை நிமிஷத்தில் முடிந்தது. அப்புறம் மச்சினி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உறைக்குள் நாலு தாள்.

"அம்மா, மாமா எழுதினதைப் படிக்கிறேன், கேளு."

படித்தாள். 'எழுதத் தெரியாதவர் என்று தெரிந்தால்' என்ற இடத்தில் குரல் தடுக்கியது. மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமியார் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்து, "ஏம்ப்பா, இவ்வளவு பண்றியா நீ? வீட்டுல வாயே திறக்கறதில்லையே" என்றார். அவன் காதுமடல் சிவக்கச் சுவரைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை படி," என்றார் மாமனார்.

இன்னொரு தடவை படித்தாள். தான் எழுதிய வரிகள் தன்னைத் தாண்டிப் போய் இன்னொருவன் தலையில் பூவாக விழுவதை ரேங்க் சார் உட்கார்ந்து பார்த்தார். நன்றாக வேறு எழுதியிருந்தார், அதுதான் கொடுமை. அவருடைய உத்தரவும் சட்டைப்பையில்தான் இருந்தது. ஒரு வரி. எடுத்துப் படித்தால் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும். அவர் எடுக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். மூன்றாவது நிறுத்தத்தில் வாயைத் திறந்தாள்.

"நான் எந்தக் கையால டீக்குச் சர்க்கரை போடுவேன்?"

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எந்தக் கை?"

"வலது கை."

"இடது கை. பதினேழு வருஷம்." டிக்கெட்டைச் சுருட்டினாள். "அவர் கத்தறவன் முன்னால எந்திரிச்சு நிக்கறது வரைக்கும் உங்களுக்குத் தெரியுது. என் தங்கச்சிக்குக் கிடைச்சதைப் பாரு, எனக்குக் கிடைச்சதைப் பாருன்னு நான் இதுவரைக்கும் நினைச்சதே இல்லைங்க. இன்னிக்கு நினைச்சேன்."

"நான்தானேடி எழுதினேன்!"

"அதைத்தான் சொல்றேன்."

அடுத்த நாளிலிருந்து ஆபீசிலும் தொல்லை. இரண்டாம் ஜன்னல்காரர் வந்து நின்றார். டைப்பிஸ்ட் அக்கா வந்து நின்றாள். "சார், எங்களுக்கும் அந்த மாதிரி நாலு பக்கம் எழுதினா என்ன? எங்களுக்கு மட்டும் திருப்திதானா?" சுற்றறிக்கைப்படி அறிக்கையில் திருத்தம் கேட்க ஒரு மாதம் அவகாசம் இருந்தது. ரேங்க் சார் அவளுடைய படிவத்தை எடுத்து வைத்து முயன்றார். 'இவர் டைப் அடிக்கிறார்' என்று எழுதினார். பேனா நின்றது. பதினோரு வருஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிறவள். வேகமாக அடிப்பாளா, மெதுவாக அடிப்பாளா? தெரியவில்லை. அவள் மேல் அவருக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. அதனால் அவளை ஒருநாளும் பார்த்ததுமில்லை. 'திருப்திகரமாக' என்ற சொல்லை நடுவில் செருகிவிட்டுப் படிவத்தை மூடினார்.

அதன் கூடவே அவருடைய அறிக்கையும் கையெழுத்துக்கு வந்தது. ஆபீசர் அம்மா எழுதியது. ஒன்பது கட்டம் திருப்தி. பத்தாம் கட்டத்தில் 'ஆம்'. எந்த நிமிஷமும் விடுவிக்கலாம்.

அன்று மதியம், வரிசை ஓய்ந்த நேரமாகப் பார்த்து அவர் எழுந்து ஒன்றாம் ஜன்னலுக்குப் போனார். சகலை எழுந்தான்.

"உட்காருப்பா, உட்காரு." அவரும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாம் நல்லா நடக்குதா?"

"நடக்குது அண்ணா." ஆபீசில் அவன் தடுமாறாமல் 'அண்ணா' என்றது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள். "உங்களுக்கு நன்றி சொல்லணும்னு நாலு நாளாப் பார்க்கிறேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"நன்றியெல்லாம் எதுக்கு?"

"எங்கப்பா நம்பர்ல பதினாலு வருஷம் கையெழுத்துப் போட்டேன். அவர் காலி பண்ணின இடத்தை அடைச்சிட்டு இருக்கேன்னுதான் நினைச்சிட்டிருந்தேன். நான் என்ன பண்றேன்னு எனக்கே அந்தப் பேப்பரைப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சது."

ரேங்க் சார் தலையாட்டினார். அவன் அத்தோடு விட்டிருந்தால் கௌரவமாக எழுந்து போயிருக்கலாம்.

"பத்தாம் கட்டமும் படிச்சேன்," என்றான் அவன்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தினார்கள். ஸ்டாண்டு தரையில் உரசிய சத்தம் கேட்டது.

"அது வந்து... இலாகா நலன்..."

"விடுங்க அண்ணா. நாற்காலி வேணும்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எனக்கு வேணாம்னு நானே எழுதிக் கொடுத்திருப்பேன். ஆனா நீங்க கேட்டிருந்தா எனக்கு இந்த நாலு பக்கம் கிடைச்சிருக்காது." சிரித்தான். அந்தச் சிரிப்பில் வஞ்சம் எதுவும் இல்லை, அதனால் அது இன்னும் ஆழமாக இறங்கியது. "கூட்டிக் கழிச்சுப் பார்த்தா வியாபாரம் எனக்குத்தான் லாபம். மனசு கேக்காம நாற்காலியைத் திருப்பித் தர்றேன்னு மட்டும் வந்துடாதீங்க. நான் பேப்பரைத் தரமாட்டேன்."

ரேங்க் சார் வெட்கப்பட்டார். வெட்கப்பட்ட மனிதன் எழுந்து போகவேண்டும், அவர் போகவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமல் போனால் இன்றைக்குத் தூக்கம் வராது என்று தெரிந்தது.

"அந்தம்மா என்னைப் பத்தி ஒன்பது திருப்தி போட்டிருக்காங்க," என்றார், ஸ்டூலைப் பார்த்தபடி. "அறிக்கைக்குத் திருத்தம் கேக்கலாமாம். கூட வேலை பார்க்கிறவங்க யாராவது இணைப்பா எழுதிக் கொடுத்தா சேர்த்துக்குவாங்களாம். நீ... எனக்கு ஒரு ரெண்டு பக்கம்... ரெண்டு வேணாம், ஒண்ணு..."

சகலை உடனே பேனாவை எடுத்தான். ஒரு தாளை எடுத்து வைத்தான். மேலே அவர் பெயரை எழுதினான், அடியில் கோடு போட்டான். பேனாவைத் தாளில் வைத்தபடி யோசித்தான். மனசாரத்தான் யோசித்தான். நெற்றியில் சுருக்கம் விழுந்தது.

"அண்ணா, நீங்க தப்பா நினைக்கக்கூடாது," என்றான் கடைசியில். "எனக்கு எப்பவும் உங்களுக்கு முதுகைக் காட்டித்தானே சீட். நான் உங்களைப் பார்த்ததே இல்லை."

"திரும்பிப் பார்க்கணும்னு தோணினதும் இல்லையா? ஒரு தடவைகூட?"

"எதுக்கு அண்ணா?"

நிஜமாகவே புரியாமல் கேட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மனிதனும் தன்னைப் பார்த்து வயிறெரிந்ததில்லை என்பது ரேங்க் சாருக்கு அந்த ஸ்டூலில்தான் உறைத்தது. நாலாம் ரேங்க் வாங்கினவர். உறைத்ததும் கணக்குச் சரியாகத்தான் வந்தது: வயிறெரிய ஆளில்லை, பார்த்து எழுதவும் ஆளில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண்மணி மூச்சு வாங்க வந்து நின்றார். "ஆறு நாளா ஒரு சொட்டு இல்லை, நீங்கள்லாம் இங்க உட்கார்ந்து..."

சகலை ரேங்க் சார் பெயர் எழுதிய தாளை ஓரமாக நகர்த்திவிட்டு எழுந்து நின்றான். "எந்தத் தெருங்க?"

ரேங்க் சார் உள்ளே போயிருக்கலாம். கோப்பு குவிந்து கிடந்தது. ஆனாலும் ஸ்டூலிலேயே உட்கார்ந்து பார்த்தார். இவ்வளவு பக்கத்திலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. மேஜையில் முந்தின ஆள் கொடுத்த புகார்ச் சீட்டு திறந்தபடி கிடந்தது. அந்த அம்மாள் தெருவைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சகலையின் இடது கை தானாகப் போய் அந்தச் சீட்டைக் கவிழ்த்து வைத்தது. ஒருத்தர் வீட்டுக் கஷ்டத்தை இன்னொருத்தர் கண் படிக்காமல்.

அது நாலு பக்கத்தில் இல்லை. கண்ணாடி வழியாக அது தெரிந்திருக்காது. விட்டுப்போயிற்றே என்று ரேங்க் சாருக்கு அடித்துக்கொண்டது. வயிறும் எரிந்தது. சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். மேஜையில் அவர் பெயர் எழுதி அடிக்கோடு போட்ட தாள் ஒன்றுதான் காலியாக இருந்தது. அதை இழுத்து, அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதத் தொடங்கினார்.